மருந்தும் துஆவும்: ஏர்வாடிக்கும் நிம்ஹான்ஸுக்கும் இடையே ஒரு வரலாறு



நாகரசம்பட்டியிலிருந்து மனநோய்க்கு நிவாரணம் தேடிப் புறப்படும் குடும்பத்திற்கு இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று வடக்கே செல்வது. கிருஷ்ணகிரியில் பேருந்து மாறி, ஓசூரைக் கடந்து கர்நாடக எல்லைக்குள் நுழைந்தால், பெங்களூரின் ஓசூர் சாலையிலேயே நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருக்கிறது. அதிகாலையில் கிளம்பினால் இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். மற்றொன்று தெற்கே, மதுரையையும் இராமநாதபுரத்தையும் தாண்டி ஏர்வாடி தர்காவுக்குச் செல்வது. அது ஓர் இரவு முழுதும் நீளும் பயணம். அப்படியிருந்தும் நம் பகுதியில் பல குடும்பங்கள் முதலில் தேர்ந்தெடுப்பது தொலைவிலிருக்கும் பாதையைத்தான். பெங்களூர்ப் பாதை நினைவுக்கு வரும்போது நோய்க்கு வயது ஐந்தோ ஆறோ ஆகியிருக்கும்.

இதை அறியாமை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவோர் உண்டு. ஈமான் என்று ஒரே சொல்லில் போற்றுவோரும் உண்டு. இரண்டு விடைகளும் வரலாற்றைப் பார்க்காத விடைகள். மருந்தும் துஆவும் எதிரெதிர்த் திசையில் இருக்கின்றன என்னும் எண்ணம் நம் மார்க்கத்திலிருந்து வந்ததன்று. அது மிகப் பிந்தைய காலத்தில், வேறு காரணங்களால் உண்டானது. அந்தப் பிரிவுக்கு நம் சமுதாயம் கொடுத்த விலையும் சிறியதன்று.

தர்காவுக்குச் செல்வது கூடுமா கூடாதா என்னும் விவாதம் இக்கட்டுரையின் பொருளன்று. அதற்கு மேடைகள் பல இருக்கின்றன, ஒலிபெருக்கிகளுக்கும் குறைவில்லை.

முதலில் தொடக்க காலத்தைப் பார்ப்போம். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியதும், எந்த நோயையும் அதற்குரிய நிவாரணமின்றி அல்லாஹ் இறக்கவில்லை என்று அறிவித்ததும் நாம் அறிந்தவை. உள்ளத்தின் துயரை அவர்கள் ஈமானின் குறைவாகக் கருதவில்லை என்பதை நாம் அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை. அன்னை கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் மறைந்த ஆண்டு நம் வரலாற்றில் துக்க ஆண்டு என்றே பெயர் பெற்றிருக்கிறது. யஃகூப் (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த கவலையில் கண்கள் வெளுத்துப்போனதைத் திருக்குர்ஆனே கூறுகிறது. அவர்கள் ஒரு நபி. இழவு வீட்டாருக்கு வாற்கோதுமைக் கஞ்சியாகிய தல்பீனாவைக் காய்ச்சிக் கொடுக்கும் வழக்கம் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் இருந்தது. நோயாளியின் நெஞ்சுக்கு அது இதமளிக்கும், துயரில் சிறிது போக்கும் என்று நபியவர்களிடம் கேட்டதை அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். துக்கத்திற்குத் துஆவோடு ஒரு கிண்ணம் கஞ்சியும் சேர்ந்தே வந்தது.

வலிப்பு நோயுள்ள ஒரு பெண்மணி நபியவர்களிடம் வந்து துஆ செய்யக் கேட்ட நிகழ்ச்சி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அவர் கேட்டது வலிப்பு வரும் வேளையில் தம் ஆடை விலகாதிருக்க வேண்டும் என்பதே. நபியவர்கள் அவருக்காகத் துஆ செய்தார்கள். உன் தொழுகையில் ஏதோ குறை, உன் வீட்டில் ஏதோ பாவம் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. இன்று நம் வீடுகளில் நோயாளி காதில் முதலில் விழுவது பெரும்பாலும் அந்தச் சொல்தான்.

ஃபிக்ஹுச் சட்டமும் இதே வழியில் நின்றது. உறங்குபவர் விழிக்கும் வரை, சிறுவர் பருவமடையும் வரை, அறிவு பேதலித்தவர் தெளியும் வரை, அவர்கள்மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்னும் ஹதீஸை அடிப்படையாகக் கொண்டு, மனம் பேதலித்தவருக்கு வணக்கக் கடமை இல்லை, குற்றப்பொறுப்பு இல்லை, ஆனால் அவருடைய சொத்துரிமை அப்படியே இருக்கும், அதைக் காக்க ஒரு பொறுப்பாளர் நியமிக்கப்பட வேண்டும் என்று இமாம்கள் வகுத்தார்கள். பைத்தியம் பாவத்தின் தண்டனை என்று கருதிய சமூகம் இப்படியொரு சட்டத்தை எழுதியிருக்காது.

இந்த மண்ணில்தான் அபூ ஸைத் அல்பல்கீ என்னும் அறிஞர் தோன்றினார். ஏறக்குறைய கி.பி. 850-இல், இன்றைய வட ஆஃப்கானிஸ்தானின் பல்கு பகுதியில் பிறந்தார், பக்தாத் சென்று கல்வி கற்றார், 934-இல் மறைந்தார். அவருடைய 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூலின் முதற்பகுதி உடல்நலம் பற்றியது, இரண்டாம் பகுதி உள்ளத்தின் நலம் பற்றியது. மருத்துவர்கள் உடலைப் பற்றி எழுதுகிறார்கள், உள்ளத்தைப் பற்றி எழுதாமல் விட்டுவிடுகிறார்கள் என்பது அவருடைய குறை. மனிதன் இவ்விரண்டாலும் ஆனவன், ஒன்று நோயுற்றால் மற்றதும் வாடும் என்பது அவர் நிலைப்பாடு.

அந்நூலில் கவலையை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று காரணம் தெரிந்த கவலை: பிள்ளையை இழந்தவருக்கு, பொருளை இழந்தவருக்கு வருவது. மற்றொன்று காரணம் எதுவும் புலப்படாமல் நெஞ்சில் வந்து அமரும் கவலை. முன்னதற்கு ஆறுதல், அறிவுரை, சிந்தனையைத் திருப்புதல் ஆகியவை மருந்தாகும். பின்னது உடலின் கோளாற்றிலிருந்து வருவது. அதற்கு உடல் மருத்துவம் தேவை என்கிறார். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டதை நினைவில் வைத்து இதை மறுபடி படித்துப் பாருங்கள். எல்லாக் கவலைக்கும் ஓதினால் போதும் என்றும் அவர் சொல்லவில்லை, எல்லாவற்றுக்கும் மருந்தே என்றும் சொல்லவில்லை. முதலுதவி மருந்தை நலமாக இருக்கும்போதே வீட்டில் வாங்கி வைப்பதுபோல, மனம் தெளிவாக இருக்கும் நாள்களிலேயே நல்ல எண்ணங்களைப் பழக்கிச் சேர்த்து வைக்க வேண்டும் என்னும் யோசனையும் அவருடையதே. இந்நூல் இஸ்தான்புல்லின் அயாசோஃபியா நூலகத்தில் சுவடியாக உறங்கிக் கிடந்தது. சூடான் நாட்டு உளவியலாளர் மாலிக் பத்ரீ (1932–2021) அதன் உள்ளப் பகுதியை ஆங்கிலத்தில் தந்த பிறகே உலகம் அதைப் பரவலாகப் பேசத் தொடங்கியது. மேற்கிலிருந்து வந்த உளவியலை அப்படியே விழுங்கும் முஸ்லிம் உளவியலாளர்களைக் கண்டித்து 1970-களிலேயே எழுதியவர் இந்த பத்ரீ. உளவியலைக் கைவிடுமாறு அவர் சொல்லவில்லை. நோயாளியின் நம்பிக்கையை வாசலில் கழற்றிவைக்கச் சொல்லாத உளவியல் வேண்டும் என்றார்.

நூல்கள் மட்டுமன்று, மருத்துவமனைகளும் இருந்தன. பீமாரிஸ்தான் எனப்பட்ட அவை வக்ஃபு வருமானத்தில் நடந்தன. 1154-இல் திமிஷ்கில் நூருத்தீன் ஸன்கீ நிறுவியதும், 1284-இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டியதும் புகழ்பெற்றவை. மனநோயாளருக்கு அங்கே தனிப் பகுதிகள் இருந்தன. துருக்கியின் எதிர்னே நகரில் 1488-இல் இரண்டாம் பாயஸீத் கட்டிய மருத்துவமனை இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. நீரோசையும் இசையும் அங்கே சிகிச்சையின் பகுதிகளாக இருந்தன.

இந்த இடத்தில் நம் மேடைப் பேச்சுகள் வழக்கமாகச் செய்வதை நானும் செய்து, பொற்காலம் என்று முடித்துவிடலாம். ஆனால் அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர் 1180-களில் கெய்ரோவையும் திமிஷ்கையும் நேரில் பார்த்து எழுதியதை மறைத்தால் அது வரலாறாகாது. கெய்ரோ மருத்துவமனையில் மனநோயாளர் அறைகளுக்கு இரும்புச் சட்டமிட்ட சாளரங்கள் இருந்தன. திமிஷ்கில் அவர்களில் சிலர் சங்கிலியிலும் இருந்தனர். சங்கிலி நம் வரலாற்றிலும் இருந்தது. வேறுபாடு என்னவெனில், அந்தச் சங்கிலிக்குப் பக்கத்தில் மருத்துவர் இருந்தார். அவர்கள் நிலையை நாள்தோறும் விசாரித்து, தக்க உணவும் மருந்தும் கொடுக்க ஆள்கள் இருந்தார்கள். ஏர்வாடிக்கு வரும்போது இதை நினைவுகூர வேண்டியிருக்கும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்வில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். ஹிஜ்ரி 488 ரஜப் மாதம், அதாவது கி.பி. 1095. பக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவில் உலகப் புகழ்பெற்ற ஆசிரியர். ஒரு நாள் பாடம் நடத்த நா எழவில்லை. உணவு இறங்கவில்லை, ஒரு மிடறு நீரும் சுமையாயிற்று. மருத்துவர்கள் வந்து பார்த்தார்கள். இது உள்ளத்தில் தோன்றி உடலுக்குள் பரவியிருக்கிறது, உள்ளத்தின் கவலை நீங்காமல் எங்கள் மருந்து வேலை செய்யாது என்று சொல்லிக் கைவிட்டார்கள். இதையெல்லாம் இமாமே தம் தன்வரலாற்றில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். பின்னர் அல்லாஹ்விடம் அழுது சரணடைந்து, பதவியைத் துறந்து, திமிஷ்குக்குப் புறப்பட்டார்கள்; மீண்டும் பாடம் சொல்லித்தரப் பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று. தஸவ்வுஃபின் இமாம் முதலில் மருத்துவருக்குக் கையை நீட்டினார். மருத்துவர் தம் எல்லையை நேர்மையாகச் சொன்னார். இன்று ஒரு ஹஜ்ரத்தோ ஒரு மனநல மருத்துவரோ தம் எல்லையை அப்படிச் சொல்வதைக் கேட்பது அரிது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்னையில் 1794-இலும், பெங்களூரில் 1847-இலும் ஆங்கிலேயர் மனநோயாளர் விடுதிகளைத் தொடங்கினார்கள். சென்னை விடுதி 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. தமிழில் அவ்வூர்ப் பெயரே வசைச்சொல்லானது நாம் அறிந்ததே. 1912-ஆம் ஆண்டின் பைத்தியக்காரர் சட்டப்படி நோயாளியை உள்ளே சேர்ப்பது மாஜிஸ்திரேட்டின் ஆணையோடும் காவல்துறையோடும் பிணைந்திருந்தது. அச்சட்டத்துக்கு மாற்றாக 1987-இல் இயற்றப்பட்ட மனநலச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1993-இல்தான். மருத்துவமனை என்றால் உயர்ந்த மதில், பூட்டிய கதவு, குடும்பத்தினர் உள்ளே தங்க முடியாத இடம் என்பது மூன்று தலைமுறைகளின் அனுபவம்.

தர்காவில் மதிலில்லை. கட்டணமில்லை. தாய் மகனோடு தங்கலாம். உளறினாலும் சிரித்தாலும் யாரும் விரட்டமாட்டார்கள். சுல்தான் செய்யிது இப்ராஹீம் ஷஹீது அவர்கள் அடங்கியிருக்கும் ஏர்வாடிக்கு முஸ்லிம்களைப் போலவே பிற சமயத்தவரும் திரளாக வந்ததற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன். மக்கள் மருத்துவத்தை வெறுத்து தர்காவுக்கு ஓடவில்லை. மருத்துவம் அவர்களை வெளியே நிறுத்தியிருந்தது. துஆவும் மருந்தும் பிரிந்தது இப்படித்தான்.

ஆயினும் நாளடைவில் அங்கே வேறொன்று வளர்ந்தது. கனவில் உத்தரவு வரும் வரை தங்க வேண்டும் என்று நம்பப்பட்டது. மாதக்கணக்கில் தங்க முடியாத குடும்பங்கள் நோயாளியை விட்டுச் செல்ல இடம் தேடின. தர்காவைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் முளைத்தன. மாதப் பணம் வாங்கி, ஓலைக் கொட்டகையில் கட்டிவைத்தார்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அத்தகைய காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் இருந்தவர்களால் ஓட முடியவில்லை. அங்கேயே 25 பேர் மாண்டார்கள்; இறுதி எண்ணிக்கை 28. தர்கா நிர்வாகம் நடத்திய இடமன்று அது. ஆனால் தர்காவின் பெயரை நம்பி வந்தவர்கள்தாம் அவர்கள். ஒரு வாரத்தில் அரசு காப்பகங்களை மூடி, ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை மீட்டது. அவர்களில் பலரை அழைத்துச் செல்லக் குடும்பத்தார் வரவில்லை என்பது தீயைவிடக் குறைந்த துயரமன்று.

உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. 2002 பிப்ரவரியில் பிறப்பித்த ஆணைகளில், மனநோயாளரைச் சங்கிலியிடுவது சட்டவிரோதம் என்பதையும், அவர்களைக் கோயில், தர்கா போன்ற இடங்களுக்கு அனுப்பாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதையும் மக்களுக்கு எடுத்துச் சொல்லுமாறு அரசுகளுக்கு உத்தரவிட்டது. 28 பேர் இறந்த பின் நீதிமன்றம் வேறு எதைச் சொல்லும்? ஆயினும் ஆணை வந்ததால் மக்கள் வருவது நிற்கவில்லை.

அதே 2002-இல் நிம்ஹான்ஸைச் சேர்ந்த மருத்துவர் இரகுராம் தலைமையில் நடந்த ஓர் ஆய்வு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. தமிழகத்தின் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 மனநோயாளரைக் கவனித்த ஆய்வு அது. பெரும்பாலோர் மனச்சிதைவு நோயினர். மருந்தில்லை, சிறப்புச் சடங்குமில்லை. குடும்பத்தாரோடு சில வாரங்கள் தங்கினார்கள், கோயிலின் சிறு வேலைகளைச் செய்தார்கள். நோய்க்குறிகளின் அளவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இதைக் காட்டி மருந்து தேவையில்லை என்று வாதிடுவது தவறு. ஐந்தில் நான்கு பங்கு நோய் அப்படியே இருந்தது என்றும் அந்த எண்ணைப் படிக்கலாம். ஆனால் அச்சமற்ற இடமும், உடனிருக்கும் உறவும், கையில் ஒரு வேலையும் நோயாளிக்கு நன்மை செய்கின்றன என்பதை மருத்துவர்களே அளந்து எழுதினார்கள்.

மருந்தையும் துஆவையும் மீண்டும் சேர்க்கும் முயற்சி குஜராத்தில், மெஹ்சானா மாவட்டம் உனாவாவிலுள்ள மீரா தாதார் தர்காவில் தொடங்கியது. 2000-களின் பிற்பாதியில் அல்ட்ரூயிஸ்ட் என்னும் தொண்டு நிறுவனமும் அரசு மருத்துவர்களும் முஜாவிர்களிடம் பேசினார்கள். உங்கள் துஆவை நிறுத்தச் சொல்லவில்லை, ஓதி முடித்தபின் எங்களிடம் அனுப்புங்கள் என்பதே கோரிக்கை. முதலில் ஐயம் இருந்தது. பின்னர் முஜாவிர்களுக்கு நோய்க்குறிகளை அடையாளம் காணப் பயிற்சி தரப்பட்டது. தர்கா வளாகத்திலேயே மருத்துவர் அமர்ந்தார். 'தவா–துஆ' என்று பெயர். முஜாவிரே அனுப்புவதால் மாத்திரை விழுங்குவது நம்பிக்கைத் துரோகம் என்னும் அச்சம் குடும்பத்துக்கு இல்லாமற்போயிற்று. பின்னாளில் தமிழக அரசும் இதே முறையை ஏர்வாடிக்குக் கொண்டுவந்தது. தர்காவுக்கு அனுப்பாதீர்கள் என்று நீதிமன்றம் சொன்ன இடத்திலேயே மருத்துவரை அமர வைத்த இந்த வழி எனக்குச் சரியாகவே படுகிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. காப்பகத்தில் கட்டினாலும் தர்காவில் கட்டினாலும் குற்றமே.

துஆவும் மருந்தும் சேர்வது என்றால் ஒரே மேசையில் தாயத்தையும் மாத்திரையையும் வைப்பது என்று பொருளாகாது. வஸ்வாஸ் நோயை எடுத்துக்கொள்வோம். மதரஸாவில் பாடம் நடத்துவோர் இதைக் காணாமல் இருக்க முடியாது. உளூச் செய்துவிட்டு, கை நனைந்ததா என்னும் ஐயத்தில் ஏழு முறை, பத்து முறை கழுவும் மாணவன். தக்பீர் சரியாகச் சொன்னோமா என்று தொழுகையை மீண்டும் மீண்டும் தொடங்கும் பெண். வீட்டார் அதைப் பேணுதல் என்று மகிழ்வதும் உண்டு. தோல் வெடித்துப் புண்ணான பிறகே விழித்துக்கொள்வார்கள். இது மருத்துவர்கள் ஓ.சி.டி. என்று அழைக்கும் நோயாக இருக்கலாம். அதற்கான உளவியல் சிகிச்சை, ஐயம் வந்தாலும் மீண்டும் கழுவாமல் இருக்கப் படிப்படியாகப் பழக்குவது. உறுதியானதை ஐயம் நீக்காது என்பது நம் ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. வஸ்வாஸ் உள்ளவர் திரும்பச் செய்யாமல் அதைப் பொருட்படுத்தாது கடந்து செல்ல வேண்டும் என்று நம் ஃபுகஹாக்கள் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ஆனால் மருத்துவர் மட்டும் சொன்னால் அந்த மாணவன், இவருக்கு மார்க்கம் தெரியாது என்று எண்ணுவான். ஆலிம் மட்டும் சொன்னால், பயிற்சியும் தேவையானால் மருந்தும் இல்லாமல் பத்து நாளில் பழைய நிலைக்குத் திரும்புவான். இருவரும் ஒரே சொல்லைச் சொன்னால் அவனுக்கு வழி பிறக்கும்.

ஜின் பற்றியும் ஒரு சொல். ஜின் உண்டு என்பது நம் அகீதா. இந்தப் பிள்ளையின் காதில் கேட்கும் குரல் ஜின்னுடையதே என்பது அகீதாவன்று. யாரோ ஒருவருடைய ஊகம். ஓசூர்த் தொழிற்சாலையில் மாறி மாறி இரவு ஷிப்ட் பார்த்து, நான்கு நாள் உறங்காமல், பிறகு தனக்குள் பேசத் தொடங்கிய இளைஞனை அடித்து ஜின் ஓட்டுவதற்கு எந்த மத்ஹபிலும் நான் ஆதாரம் கண்டதில்லை. மகள் என்றால் நிலைமை இன்னும் கடினம். நிக்காஹ் தடைப்படும் என்று நோயை மூடிவைத்து, நிக்காஹ் ஆனால் சரியாகிவிடும் என்று கட்டிக்கொடுத்து, ஆறு மாதத்தில் இரண்டு குடும்பங்கள் ஜமாஅத் முன்னால் வந்து நிற்கின்றன. ஓதிப் பார்க்க வருவோரிடம் ஹஜ்ரத்மார்கள் மூன்று கேள்விகளையாவது கேட்டால் நன்று: உறக்கம் எப்படி இருக்கிறது, சாப்பாடு இறங்குகிறதா, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததா. கடைசிக் கேள்விக்கு ஆம் என்று விடை வந்தால், ஓதியபின் அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். 14416 என்னும் அரசின் டெலி-மானஸ் இலவச எண் 2022 முதல் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.

மருத்துவர்களும் கேட்க வேண்டியவை உண்டு. தொழுகையை நிறுத்திவிட்டவர் எப்போது நிறுத்தினார் என்பது சில வேளை நோய் தொடங்கிய நாளைக் காட்டிவிடும். நோன்பு பற்றிக் கேட்காத மருத்துவரிடம் நாமே சொல்ல வேண்டும். ரமலானில் பகல் வேளை மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட்டு, பெருநாளுக்குள் நோய் திரும்பி அவதிப்படுவோர் உண்டு. லித்தியம் உட்கொள்வோருக்கு நாளெல்லாம் நீரருந்தாதிருப்பது இரத்தத்தில் மருந்தின் அளவை மாற்றிவிடக்கூடும், அது ஆபத்தானது. சிலருக்கு மருத்துவர் மாத்திரை வேளைகளை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றித் தருவார். சிலருக்கு நோன்பே வேண்டாம் என்பார். நோயாளிக்கு மார்க்கம் கொடுத்திருக்கும் சலுகை மனநோயாளிக்கும் உரியதே. குணமானபின் களாச் செய்யலாம். குணமாகும் வாய்ப்பில்லையென்றால் ஃபித்யா இருக்கிறது. எனவே இந்த உரையாடலை ரமலான் பிறை தெரிந்த பிறகு வைத்துக்கொள்ளாமல், ஷஃபான் மாதத்திலேயே, மாத்திரை அட்டைகளையும் மருந்துச் சீட்டையும் கையில் எடுத்துக்கொண்டு, மருத்துவரிடம் ஒரு முறையும் உங்கள் ஊர் ஆலிமிடம் ஒரு முறையும் முடித்துவிடுங்கள்.